பங்கில் வராத சிவப்புத் தேதி

மைதீன் பாய் மௌத்தான செய்தி வந்தபோது நான் அவர் கடையில் உட்கார்ந்து அவர் கடைச் சிப்ஸையே தின்றுகொண்டிருந்தேன். வாய் நிறைய இருந்ததால், போனில் அவர் மகன் அசன் சொன்னதற்கு ஒரு வார்த்தை பதில் வரவில்லை. "கேக்குதா மாமா? கேக்குதா?" என்று பையன் திரும்பத் திரும்பக் கேட்டான். விழுங்கிய பிறகுதான் அழ முடிந்தது. வெட்கம்தான். ஆனால் பாயைத் தெரிந்த உங்களிடம் வேறு மாதிரி சொல்லி என்ன ஆகப்போகிறது?

அன்றைக்கு ஆகஸ்ட் பதினைந்து. நல்ல சாரல். குற்றாலம் மெயினருவிப் பக்கம் எங்கே பார்த்தாலும் ஈரத் தலை. பாய் ஒரு வாரமாகத் தென்காசியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். அசனும் அங்கேயே கிடந்தான். என் துண்டு, ஜட்டிக் கடையையும் பக்கத்தில் அவருடைய நேந்திரங்காய்ச் சிப்ஸ் கடையையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கடையை ஒருவர் பார்ப்பது எங்களுக்குப் புதிதில்லை. "ஊருக்கு லீவுன்னா நமக்கு வேலைலே" என்பார் பாய். குற்றாலத்தில் கடை போட்டவனுக்குக் காலண்டரில் சிவப்பாக இருக்கும் தேதியெல்லாம் வியாபாரத் தேதி. அதனால் வருஷம் பிறந்ததும் புதுக் காலண்டரைப் புரட்டி, சிவப்புத் தேதிகளைப் பங்கு வைப்பார். பொங்கலும் தீபாவளியும் எனக்கு. இரண்டு பெருநாளும் அவருக்கு. ஒருவர் வீட்டில் இருந்தால் மற்றவர் இரண்டு கடையிலும் நிற்க வேண்டும். சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி எல்லாம் யார் பங்கிலும் வராது. "அது பொதுச் சொத்து. ரெண்டு பேரும் நிக்கணும்."

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்; காலண்டர் கணக்கெல்லாம் அவர் சொன்னதுதான். ஆனாலும் அவரைச் சீண்டாமல் விட்டதில்லை. சாரல் மாதத்தில் ரம்சான் வந்த வருஷங்களில், "பாய், பெருநாள் நாளைக்கா, நாளன்னைக்கா?" என்பேன்.

"பிறை தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும்."

"இந்த மேகத்துலயா? அப்ப உங்களுக்கு இந்த வருஷம் பெருநாளே கிடையாது. பேசாம கடையில நில்லும்."

"நீ ஒருத்தன் போதும்லே, நோன்பு இருக்கவனுக்குக் கோவம் வர" என்று சிரிப்பார். மறுநாள் பெருநாள் என்றால் நான் அவர் அடுப்பில் நிற்பேன். நான் போட்ட சிப்ஸை அடுத்த நாள் கையில் எடுத்துப் பார்ப்பார். "சுப்பையா, இது நேந்திரங்காயா, அடுப்புக்கரியா?"

ஒரு வருஷம் என் மகளுக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளை புளியங்குடியிலிருந்து வந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கூட்டத்தை விட மனசில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு கடைக்கு வந்துவிட்டேன். பாய்க்கு முகமே சிவந்துவிட்டது.

"ஏலே, மாப்பிள்ளையை அங்கன உக்கார வச்சிட்டு இங்கன வந்து ஜட்டியா விக்குத? எந்திரிலே!"

"கூட்டம் நிக்குதே பாய்."

"கூட்டம் அடுத்த வாரமும் வரும். தலை தீபாவளி வருமா? பண்டிகைக்கு வீட்ல இல்லாதவனுக்குப் பலகாரம் ருசிக்காதுலே."

கழுத்தில் கை வைத்துத் தள்ளாத குறைதான். என்ன அளவு கேட்டாலும் "ஈரமானாச் சரியா இருக்கும்" என்று சொல்லி, அன்று என் கடைச் சரக்கைப் பாதிக்கு மேல் விற்றுத் தள்ளிவிட்டார். நான் வீட்டில் மகள் பரிமாறிச் சாப்பிட்டேன். அவள் இன்றைக்கும் அந்தத் தீபாவளியைத்தான் பேசுகிறாள். அது பாய் கொடுத்தது.

பாய் போன அன்று, மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நேரம். சீசனை நம்பித்தான் எங்கள் வரிசையில் எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிகிறது. அசன் மறுபடி கூப்பிட்டான். "மாமா, யாரும் கடையை அடைக்கக் கூடாதுன்னு வாப்பா சொல்லிட்டுத்தான் போயிருக்காக."

பழக்கடை செல்லம்மா அக்கா என்னைப் பார்த்தாள். "என்ன செய்ய?"

"பாய் சொல்லி நாம எதைக் கேட்டிருக்கோம்?" என்றேன்.

"அதும் சரிதான்" என்று பலாச்சுளை மேல் சாக்கை இழுத்துப் போட்டாள். அவ்வளவுதான், வரிசை முழுக்க ஷட்டர் இறங்கியது. யார் பங்கிலும் வராத தேதியை அன்றைக்கு நாங்கள் அவருக்குக் கொடுத்தோம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, பண்டிகை நாளில் வீட்டில் இருக்கும் பழக்கம். அப்புறம், அடுத்தவனை வீட்டுக்கு விரட்டும் பழக்கம். வரும் பெருநாளுக்கு அசன் கடையில் நான் நிற்பேன். அவனிடம் கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்.

அவசரத்தில் பூட்டை அமுக்கிக் கடை பூட்டியதில் ஒரு சின்னப் பிசகு. அருவிக்குப் போகிறவர்கள் சட்டை, பேண்ட், செல்போனை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அன்றைக்கு விருதுநகர்க்காரர் ஒருவர் கொடுத்திருந்தார். குளித்துவிட்டு வந்தால் கடை பூட்டியிருக்கிறது. போலீஸ்காரர் வழி சொல்ல, ஆட்டோ பிடித்து, அடக்கம் நடந்த தென்காசி மையவாடிக்கே வந்துவிட்டார். இடுப்பில் ஒரு துண்டு, தோளில் ஒரு துண்டு. எல்லோரும் வரிசையாக மண் போட்டுக்கொண்டிருந்தோம். யாரோ அவரையும் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். அவரும் மூன்று பிடி மண் போட்டார். கை மண்ணை இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் வந்து கடைச் சாவி கேட்டார். சாவி கடைக்குள் இருந்தது.