மறுபடி சேணம் ஏறிய நாள்

போன வருடம் கோடை சீசன் தொடங்கிய வாரம் அது. ஏற்காடு ஏரிக்கரையில் குதிரைச் சவாரிக்காரர்கள் வரிசையாக நிற்பார்களே, அந்த இடத்தில்தான் நடந்தது. எங்கள் அப்பாவும் அந்த வரிசையில் ஒருவர். சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றி ஒரு ரவுண்டு கூட்டிப் போய் வருவதுதான் எங்கள் பிழைப்பு.

எங்களிடம் இருந்தது ஒரே குதிரை. சிட்டு என்று பெயர், இளசு. மழைக்காலத்தில் சேணத்துக்கு அடியில் வந்த ஒரு புண், மேலே ஆறியதுபோல் தெரிந்து, உள்ளே எலும்பு வரை சீழ் வைத்துவிட்டது. மலைக்குக் கீழே உள்ள கால்நடை மருத்துவமனைக்கு வண்டியில் ஏற்றிப் போனோம். முதுகைக் கீறி, முதுகெலும்பின் மேல்நுனியில் கெட்டுப்போன துண்டை எடுத்தார்கள். திரும்பி வரும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அது நான்கு கால்களையும் அகட்டி வைத்துக்கொண்டு நடுங்கியது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பட்டமும் வாங்கியிருக்கிறேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டு மனதில் வைத்துக்கொண்டதும் நான்தான். முதலில் ஓய்வு. பிறகு வெறும் முதுகோடு நடை. அது பழகியதும் முதுகுச் சதை வலுப்பட லேசான ஏற்றங்களில் தலையைத் தாழ்த்தி நடக்க விடுவது. அப்புறம்தான் முதுகின்மேல் துணி, வெறும் சேணம், கடைசியாக எடை குறைந்த ஆள். "இந்த வருஷம் சின்னப் பசங்களை மட்டும்தான் ஏத்தணும்மா" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அப்பாவின் கணக்கு வேறு. "சீசனுக்குள்ள அது உழைக்கலைன்னா வித்தறதுதான் கண்ணு. சும்மா கட்டி வெச்சுத் தீனி போட நம்மனால ஆவாது" என்றார். வாங்க வரும் தரகர் குதிரைகளைக் கீழே செங்கல் சூளைக்குத்தான் அனுப்புவார். அங்கே போனால் அந்த முதுகு என்ன ஆகும் என்று அப்பாவுக்கும் தெரியும்.

அதனால் தினமும் காலையில், பனி விலகுவதற்கு முன்பே, கரடியூர் போகும் சாலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எதிரே வரும் சவாரிக்காரர்களுக்கு நான்தான் வேடிக்கை.

"ஏனுங், டிகிரி படிச்ச புள்ள குதிரைக்கு நடக்கச் சொல்லித் தருது பாருங்க. அடுத்தது ஏபிசிடியா கண்ணு?"

"ஆமாங்ணா. அது கத்துக்கிட்டதும் உங்களுக்கும் சொல்லித் தரச் சொல்றனுங்க."

சிரித்துக்கொண்டே போவார்கள். ஆனால் சிட்டு சிரிக்கும் நிலையில் இல்லை. துணியைக் கண்டாலே தோல் சிலிர்க்கும். சேணத்தைத் தூக்கினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கழுத்தைத் தடவி, பேசி, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினேன். கடைசியில் ஒருநாள் நானே ஏறி உட்கார்ந்தபோது அசையாமல் நின்றது. அன்று அம்மா எஸ்டேட் வேலைக்குப் போகாமல் வீட்டில் கேசரி கிண்டினாள்.

சீசன் தொடங்கியதும், குழந்தைகளை மட்டும் ஏற்றுவது என்ற பேச்சோடுதான் ஏரிக்குப் போனோம். முதலில் வந்து நின்றது ஒரு பருத்த ஆள். நண்பர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஏரிக்கரையில் யாரும் போணிக்கு வந்தவரைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அனுப்பினால் அந்த சீசனே விடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. "ஒரே ரவுண்டு சாமி. மெதுவாக் கூட்டிட்டுப் போ" என்று கயிற்றை என் கையில் கொடுத்தார்.

அந்த ஆள் ஏறினார். சிட்டு அசையவில்லை. நான் பழக்கியபடியே நின்றது.

கொஞ்ச தூரம் போயிருப்போம். பின்கால்கள் எட்டி வைக்காமல் குட்டைக் குட்டையாக விழ ஆரம்பித்தன. தலை மேலே தூக்கிக்கொண்டது. காதுகள் பின்னால் படிந்தன. என் கையிலிருந்த கயிறு வழியாகவே அதன் நடுக்கம் தெரிந்தது. நான் நின்றுவிட்டேன்.

"சார், எறங்குங்க."

"என்னம்மா இது, பாதி வழியில எறங்கச் சொல்ற?"

"அதுக்கு முதுகு வலிக்குதுங்க. எறங்குங்க."

நண்பர்கள் சிரித்தார்கள். அவருக்கு அவமானமாகிவிட்டது. அவர் சேண வளையத்தில் கால் ஊன்றி இறங்கியபோது சேணம் ஒரு பக்கமாக இழுபட, சிட்டுவின் வாயிலிருந்து ஒரு முனகல் வந்தது. அதற்கு முன்பு குதிரை முனகி நான் கேட்டதில்லை. வரிசைக்குத் திரும்பி வந்தோம். அப்பா அந்த ஆளிடம் எல்லார் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னிடம், "போணிய எறக்கி உட்டுட்டயே சாமி" என்றார். அவ்வளவுதான். அன்று முழுவதும் எங்களிடம் யாரும் வரவில்லை.

சாயங்காலம் வீட்டில் சேணத்தைக் கழற்றியபோது தழும்பு நெடுக வீங்கியிருந்தது. அப்பா உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். சிட்டுவின் முன்கால்கள் மடங்கின. அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் ஏரிக்குப் போகவில்லை. தரகருக்கும் சொல்லி அனுப்பவில்லை. வாழ்நாளில் கணக்கெழுதி வேலை வாங்கும் எந்த எஸ்டேட் ரைட்டருக்கும் கீழே வேலை செய்யாத மனிதர், அம்மாவோடு சேர்ந்து நாகலூர்ப் பக்கம் எஸ்டேட்டுக்குக் களையெடுக்கப் போனார். அந்த சீசன் முழுவதும் வீட்டில் சரியாகச் சமையல் நடக்கவில்லை. நான் மறுபடி முதலிலிருந்து, வெறும் முதுகோடு, அதை நடத்தத் தொடங்கினேன்.

இப்போது சிட்டு சின்னக் குழந்தைகளை மட்டும் சுமக்கிறது. சில நாள் அதுவும் முடிவதில்லை. அப்பா இன்னும் எஸ்டேட்டுக்குத்தான் போகிறார். ஏரிக்கரையில் கயிற்றைப் பிடிப்பது நான். சேணத்தைத் தூக்கிக்கொண்டு கிட்டே போனால் இன்றைக்கும் அது எனக்காக அசையாமல் நிற்கிறது. ஆனால் அந்த அமைதியை அதன் சம்மதம் என்று நான் இனி ஒருநாளும் எடுத்துக்கொள்ள மாட்டேன்.