ஏகமனதாக, ஒரு கை தவிர

பாரிஸில் லா சப்பலிலிருந்து புறநகர் ஒபர்வில்லியே நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பையில் இரண்டு சேட்டும் ஒரு போர்வையும். மெத்ரோ ரயிலில் போயிருக்கலாம், அந்த எரிச்சலோடு உட்கார முடியவில்லை. நான்கு வருடம் லேஅவுட் செய்த அச்சகத்தையும் அதன் பின்னறைக் கட்டிலையும் அப்போதுதான் இழந்திருந்தேன்.

முதலாளிதான் எங்கள் ஊர்ச்சங்கத்துக்கும் தலைவர். பதினொரு வருடமாக அவரை எதிர்த்து ஒருவரும் நின்றதில்லை. சங்கத்தின் ஆண்டு மலர் எங்கள் கடையில்தான் அச்சாகும். இம்முறை தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் அமெரிக்கக் குடியரசின் ஆரம்பகாலம் பற்றி எழுதியிருந்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். டைப் செய்வதை வாசிப்பதுதான் என் படிப்பு. கட்டுரைப்படி, அங்கே ஒரே கட்சி இருபத்துநான்கு வருடம் தொடர்ந்து ஆண்டிருக்கிறது. எதிர்க்கட்சி தேய்ந்தே போனது. ஒரு தேர்தலில் ஜனாதிபதிக்குப் போட்டியே இல்லை. ஜனாதிபதியைத் தெரிவுசெய்யும் தேர்வாளர்களில் ஒரே ஒருவர் மட்டும் வேறு ஆளுக்கு வாக்களித்தார். கடைசிப் பந்தி இது: அடுத்த தேர்தலில் அதே கட்சிக்காரர் நான்கு பேர் தங்களுக்குள் மோதினார்கள். கட்சி உடைந்தது.

“எதிர்ப்பில்லாட்டி எவ்வளவு நிம்மதி பாரும்!” என்றார் முதலாளி. “அந்தக் கடைசிப் பந்தியை வெட்டிவிடும்.”

வெட்டினேன். அடுத்த பக்கத்தைத் தந்தார்: ‘ஞாயிறு பொதுக்கூட்டத்தில் தலைவர் ஏகமனதாகத் தெரிவு.’ அன்று வியாழன்.

“கூட்டம் இன்னும் நடக்கேல்லையே அண்ணை?”

“நடந்தாப்பிறகு அடிச்சா, கூட்டத்திலை எதைக் குடுக்கிறது? விசர்க்கதை கதையாதையும்.”

நடக்காத தேர்தலின் முடிவை என் கையால் அடித்தது மூன்று நாளும் உறுத்தியது. ஞாயிறு மண்டபத்தில் எல்லார் மடியிலும் மலர். சங்கச் செயலாளர் புது நிர்வாகிகள் பட்டியலை வாசித்து, “ஆட்சேபனை ஆருக்கும்?” என்று கேட்டபடியே கைதட்டத் தொடங்கினார். அதுதான் வழக்கம். நானும் அங்கத்தவன். கையைத் தூக்கினேன்.

“கக்கூஸ் வலப்பக்கம்!” என்றது பின்வரிசை. மண்டபம் சிரித்தது.

“புத்தகம் அடிச்சாச்சு, கையைக் கீழை விடும்” என்றார் முதலாளி, மைக்கிலேயே.

“நான்தானே அண்ணை அடிச்சனான். அதுதான் சொல்லுறன்.”

“அப்ப வேலையையும் கட்டிலையும் வேறை இடத்திலை பாரும்.”

செயலாளர் கைதட்டலை நிறுத்தவேயில்லை.

மறுநாள் காலை ஒபர்வில்லியேயில், துணி மொத்த வியாபாரக் களஞ்சியம் ஒன்றில் பெட்டி இறக்கும் வேலை கிடைத்தது. பத்தாவது பெட்டியில் போன் அடித்தது. செயலாளர்.

“அண்ணை, ஒருத்தரிட்டையும் சொல்லாதையுங்கோ. வாறமுறை நான் தலைவர் பதவிக்கு நிக்கப்போறன். பொருளாளரும் நிக்கிறாராம். எனக்கொரு நோட்டீஸ் செய்து தாங்கோ.”

“நேற்று உங்கடை கைதட்டல்தானே பெரிசாக் கேட்டது?”

“அது சபைக்கு, அண்ணை.”

போனை வைத்துவிட்டுப் பதினோராவது பெட்டியைத் தூக்கினேன். அச்சக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது: முதலாளி வெட்டச் சொல்லும் பந்தியை இரண்டு தரம் வாசியுங்கள். இனி நடக்கப்போவது அதில்தான் இருக்கும்.