பாயிந்துவின் மடியில் ஒரு தலை

எபோலாவிலிருந்து பிழைத்துப் பாயிந்து வீடு திரும்பியபோது அவள் கையில் ஒரு காகிதம் மட்டுமே இருந்தது. மெத்தை, துணிமணி, சீப்புகள் எல்லாவற்றையும் சுகாதாரக்காரர்கள் எரித்துவிட்டிருந்தார்கள். கெனெமா ஊரில் எங்கள் தெருவுக்கே தலை பின்னுகிறவள் அவள்.

காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது. பக்கத்து அறையில் குடியிருந்த நான் எங்கள் மெண்டே மொழியில் படித்துச் சொன்னேன். இவளிடம் இப்போது நோய் இல்லை, இவளால் யாருக்கும் ஆபத்தில்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்டு, எபோலா சிகிச்சைக் கூடாரத்தின் முத்திரையையும் குத்தியிருந்தார்.

"இத வாசல்ல மாட்டுனா எல்லாரும் வருவாங்கல்ல?"

வருவார்கள் என்றேன். பின்னல் மாதிரிகள் வரைந்த பலகைக்குப் பக்கத்தில் அதை ஆணியடித்து மாட்டினாள்.

அதுதான் தப்பாகப் போயிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்த வருடம் அந்த முத்திரை தெரியும். விஷயம் தெரியாமலிருந்த அடுத்த தெருக்காரர்களும் தெரிந்துகொண்டார்கள்.

"என்னடி பாயிந்து, பட்டம் வாங்கிட்டியா? சொவத்துல மாட்டி வச்சிருக்க!" என்றாள் மீன் விற்கும் யேமா. குழாயடியில் எல்லோரும் சிரித்தார்கள். பாயிந்துவும் சிரித்தாள்.

பின்னிக்கொள்ள வருகிறவள் குட்டை முக்காலியில், பின்னுகிறவளின் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்து, தொடையில் தலை சாய்த்து அரை நாள் இருக்க வேண்டும். முடிந்ததும் உதிர்ந்த முடியைப் பொறுக்கி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவாள். தன் முடி அடுத்தவர் கையில் சிக்கினால் சூனியம் வைத்துவிடுவார்கள் என்ற பயம். பாயிந்துவிடம் மட்டும் எல்லோரும் விட்டுவிட்டுப் போவார்கள். அன்றே அவள் அதை அடுப்பில் போட்டுவிடுவாள் என்று தெரியும்.

இரண்டு மாதம் முக்காலி காலியாகக் கிடந்தது. காலையில் அதைத் துடைத்து வைப்பாள். பிறகு ஜன்னல் கம்பியில் நார் கட்டிப் பின்னிக்கொண்டிருப்பாள். "வெரலு மறந்துடக் கூடாதுல்ல" என்பாள். அந்த இரண்டு மாதம் என் தலையையும் நானேதான் பின்னிக்கொண்டேன்.

ஒரு நாள் யேமா நெற்றியெல்லாம் கொப்புளத்தோடு வந்து நின்றாள்.

"சந்தைல ஒருத்திகிட்ட பின்னிக்கிட்டேன். பாவி, மூளையச் சேத்து இழுத்துக் கட்டிட்டா. ரெண்டு நாளா கண்ண மூட முடியல."

"உக்காருங்கக்கா. அவுத்துப் பின்னிவிடுறேன்."

யேமா பையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் கையுறையை எடுத்தாள். "கோவிச்சுக்காதடி. எம் மகதான் குடுத்தனுப்புனா."

சிகிச்சைக் கூடாரத்தில் மூன்று வாரம் பாயிந்துவைத் தொட்டவர்கள் எல்லாம் அப்படிப்பட்ட கையுறையோடுதான் தொட்டார்கள். பாயிந்து கையைக் கழுவி அதை மாட்டிக்கொண்டாள்.

பழைய பின்னலை எப்படியோ அவிழ்த்துவிட்டாள். புதிதாக வகிடெடுத்து வரி பிரிக்கத்தான் முடியவில்லை. ரப்பரில் முடி ஒட்டிச் சுண்டியது.

"ஆ!"

"நான் இழுக்கலக்கா. இதுதான் இழுக்குது."

மூன்றாவது முறை சுண்டியதும் யேமா பல்லைக் கடித்தாள். "கழட்டித் தொல."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"என்னத்த யோசிக்க? வழுக்கையா வீட்டுக்குப் போறதா? கழட்டுடி."

பாயிந்து கையுறையைக் கழற்றி, மறுபடி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். வெறும் விரல்கள் மண்டையில் பட்டதும் யேமாவின் தோள்கள் விறைத்தன.

"ஒங்கை ஜில்லுனு இருக்கு" என்றாள், ஆச்சரியமாக.

"இப்பத்தானக்கா கழுவுனேன்."

மெல்ல அவள் தலை பாயிந்துவின் தொடையில் சாய்ந்தது. இரண்டு நாள் தூங்காதவள். வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். கால் மரத்துப்போன பிறகும் பாயிந்து காலை அசைக்கவில்லை. அந்தத் தலையை எழுப்பாமலே பின்னி முடித்தாள்.

விழித்ததும் யேமா கண்ணாடி பார்த்தாள். "எடது பக்கம் கோணலா இருக்கே!"

"தூங்கி விழுந்தது யாராம்?"

உதிர்ந்த முடியை ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்துப் பாயிந்து நீட்டினாள்.

யேமா மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தாள். "அத ஏன் எங்கிட்ட நீட்டுற? எப்பவும் போல நீயே அடுப்புல போட்டுடு."

சமையலுக்கு இன்னும் நேரமிருந்தது. பாயிந்து அடுப்பை மூட்டினாள்.