சித்தி திறந்த கேட்டு

நேற்று ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பழைய கார் என் பின்னால் வந்தது. அந்த ஆறு சிலிண்டர் எஞ்சினின் சத்தம் கேட்டதும் நின்றுவிட்டேன்.

என் சின்ன வயதில் சூலூரில் ஒரே வீட்டில் இருந்த அப்பாவும் சித்தப்பாவும் ஒரே கம்பெனியின் ஒரே மாதிரிக் காரை ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். ஆனால் சத்தம் வேறு வேறு. சித்தப்பா காய்ச்சலில் இறந்தபின் அவர் கார் கொட்டகையில் கிடந்தது. மறுவருஷம் எங்கள் எஞ்சினுக்குள் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஷாஃப்ட் தேய்ந்துபோனது. புதிது எங்குமே கிடைக்கவில்லை.

"ரெண்டும் ஒரே எஞ்சினுதானுங்க. சின்னவரோடத எடுத்து மாட்டிப்போடலாமுங்க" என்றார் மெக்கானிக்.

அப்பா தயங்கித் தயங்கிச் சித்தியிடம் கேட்டார்.

"சும்மா கெடக்கறதுதானுங்களே, எடுத்துக்குங்க" என்றாள் சித்தி.

மாட்டிய அன்று சாயங்காலம் கார் தெருவில் திரும்பியதுமே சித்தி மாவுக் கையோடு ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தாள். சித்தப்பாவுக்கு எப்போதும் அவள்தான் திறப்பாள். ஓட்டி வந்த அப்பாவைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"அவுங்க வண்டியாட்டவே கேட்டுதுங்க..."

மறுநாளிலிருந்து அப்பா தெருமுனையிலேயே எஞ்சினை அணைத்துவிடுவார். நானும் அம்மாவும் அவர் வரும் நேரம் பார்த்துப் போய்ச் சத்தமில்லாமல் காரைத் தள்ளிக்கொண்டு வருவோம்.

நேற்று அந்தக் கார் என்னைத் தாண்டிப் போனபோது, ஓட்டுகிறவர் யாரென்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.