மேலே பார்க்கும் புள்ளி

என் தம்பியைத் தெருவில் எல்லாரும் தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுக்குக் கோபமே வராது. பாதி நேரம் காதிலேயே விழாது. அவன் கார் மெக்கானிக். ஒரு பிஸ்டனைக் கையில் எடுத்தால் துடைப்பான், திருப்பிப் பார்ப்பான், தகரக் கூரையின் ஓட்டை வழியாக விழும் வெயிலில் காட்டுவான், அப்புறம் அப்படியே உட்கார்ந்துவிடுவான். வண்டிக்காரர் வந்து தொண்டையைச் செருமினால்தான் இந்த உலகத்துக்குத் திரும்புவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஒன்று, முகம்தான் தூங்கும். அவன் கை தூங்கி நான் பார்த்ததில்லை.

அவன் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அதிலிருந்து நாங்கள் இரண்டு பேர்தான். நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன். முன்பக்கம் அவன் பட்டறை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு கதவு. அதைச் சாத்தியதே இல்லை. அதனால் எங்கள் சாப்பாட்டிலும் கொஞ்சம் டீசல் வாசனை இருக்கும். அவனிடம் கல்யாணப் பேச்சை எடுத்தால் ஏதாவது ஒரு காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். என் கல்யாணப் பேச்சை எடுக்க ஆளில்லை, எனக்கும் நேரமில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் கடலோர ஊரில் என் தோழி வாடகைக் கார் நடத்துகிறாள். இரண்டாவது வண்டியாக என்னை வரச் சொல்லியிருந்தாள். முதல் தேதிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றும் சொல்லிவிட்டாள். நான் கடலை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து மத்தியான வெயிலில் ஓட்டும்போதெல்லாம் சாலை முடிகிற இடத்தில் தண்ணீர் மின்னும். கிட்டே போனால் வெறும் தார். அங்கே போனால் அது நிஜமாகவே தண்ணீராக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். தம்பியிடம் சொன்னபோது, "போயிட்டு வாக்கா" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. எனக்குச் சுருக்கென்றது.

மலை ஏற வேண்டுமே! என் வண்டியோ ஆயிலைத் தண்ணீராகக் குடித்துவிட்டு நீலமாகப் புகை விட்டது. எஞ்சினைப் பிரித்தோம். அந்த நாட்கள் ஏதோ அரைத்தூக்கத்தில் நடந்த மாதிரி இருக்கின்றன. வெளியே விடாத தூறல். நாலு பிஸ்டனும் கரி பிடித்து வெளியே வந்தன. அவற்றைச் சுற்றிப் பள்ளங்களில் மாட்டியிருக்கும் ரிங்குகள் அசையவே இல்லை. பழைய ரிங் ஒன்றை உடைத்து, அந்த முனையாலேயே பள்ளங்களில் இருந்த கரியைச் சுரண்டினான். பிஸ்டனின் பக்கவாட்டில் நகத்தை வைத்துத் தடவினான். கீறல் இருந்தால் நகம் மாட்டும். மாட்டவில்லை. புது ரிங்குகளை ஒவ்வொன்றாகச் சிலிண்டருக்குள் இறக்கி, முனைகளுக்கு நடுவே மெல்லிய தகட்டை நுழைத்து இடைவெளி பார்த்தான். நான் டீசலில் பாகங்களைக் கழுவிக் கொடுத்துக்கொண்டே நினைப்பில் கடலோரத்தில் இருந்தேன். அவன் எங்கே இருந்தானோ தெரியாது.

மாட்டி முடித்து வண்டியைக் கிளப்பினோம். புகை முன்னைவிட அதிகம்.

"புது ரிங்குக்கா. ஓட ஓடத்தான் செட் ஆகும்."

ஓட்டினேன். ஒன்றும் செட் ஆகவில்லை. பின்னால் வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டியதுதான் மிச்சம். முதல் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

"மறுபடி பிரிடா" என்றேன்.

"வேணாம்க்கா. வண்டிக்கு வயசாயிடுச்சு. என்ன பண்ணாலும் இவ்வளவுதான்."

"பிரிடான்னா பிரி."

பிரித்தான். முதல் பிஸ்டனை என்னிடம் கொடுத்தான். மூன்று ரிங்கில் நடு ரிங்குக்கு ஒரு பக்கம் மட்டும் சின்னப் புள்ளி இருக்கும். அது மேலே பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் ஆயிலைக் கீழே வழிக்க வேண்டிய ரிங், மேலே ஏற்றிவிட்டு எரிய வைக்கும். இத்தனை வருஷம் பாகம் கழுவியதில் எனக்கே இது தெரியும். மேல் ரிங்கை விரித்துக் கழற்றினேன். நடு ரிங்கின் மேல்பக்கம் மொழுக்கென்று இருந்தது.

"டேய், புள்ளி கீழ இருக்கு!"

"தூக்கக் கலக்கம்க்கா."

சிரித்துவிட்டேன். கடைசியில் கையும் தூங்கிவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவதிலும் புள்ளி கீழே. மூன்றாவதிலும் கீழே. நாலாவது பிஸ்டனை அவன் தரவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"குடு."

கொடுத்தான். பார்க்கவே தேவையில்லை, ஆனாலும் கழற்றிப் பார்த்தேன்.

"ஒண்ணு மாறினா கவனப்பிசகு. நாலுமாடா?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "என் பொழப்புல மண்ணைப் போடப் பாத்தியே! போகாதக்கான்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாயில்லையா?"

"சொன்னா நின்னுடுவ."

"நின்னா என்னடா?"

"எனக்காக நீ நின்னதெல்லாம் போதும்க்கா." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வண்டி ஓடலன்னா அது வேற. நான் நிறுத்தின மாதிரி இருக்காதுல்ல."

இப்படியும் ஒரு மண்டை யோசிக்குமா? ஸ்பேனரைத் தூக்கி அவன் மேல் எறியலாம் போல இருந்தது. அதே நேரம் அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அழுக்கு டீசலைக் கொட்டிவிட்டு, தட்டில் புது டீசல் ஊற்றிக்கொண்டு வந்தேன். ரிங்குகளைக் கழுவித் துடைத்து வைத்தேன்.

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தான். முதல் பிஸ்டனை எடுத்தான். நடு ரிங்கை இரண்டு கட்டைவிரலாலும் மெதுவாக விரித்து, பள்ளத்தில் இறக்குவதற்கு முன் என் பக்கம் காட்டினான்.

"புள்ளி மேல இருக்காக்கா?"

"இருக்கு."

இறக்கினான். இரண்டாவதுக்கும் கேட்டான், மூன்றாவதுக்கும் கேட்டான். இருக்கு, இருக்கு என்றேன். நாலாவதை விரித்துப் பிடித்தான். தலையை மட்டும் ஆட்டினேன். அவன் இறக்கவில்லை.

"வாயால சொல்லுக்கா. இருக்கா?"

வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் போதும், நான் எங்கேயும் போக வேண்டியதில்லை. அது அவனுக்கும் தெரியும்.

"இருக்குடா," என்றேன். "போடு."