டிரைவர் தூங்குகிறார்

தெலுங்கு நாட்டு லாலாகுடா ரயில்வே காலனியில் லலிதா சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் அவள் குரலுக்கென்று ஒரு பேர் இருந்தது. தெருமுனையில் நின்று தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டாள் என்றால் அடுத்த தெருப் பையன்களும் கில்லியைப் போட்டுவிட்டு அவரவர் வீட்டுக்கு ஓடுவார்கள். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அவள் அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை. இவளைக் கார்டு வேலைக்கு எடுத்தால் ரயில்வேக்கு விசிலே வேண்டாம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் குரல் கல்யாணமான மாதமே அடங்கிப்போனது. மாப்பிள்ளை குமரவேல் கூட்ஸ் வண்டி டிரைவர். கல்யாண லீவு முடிந்து முதல் டூட்டிக்குப் போனவர், ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிவிட்டு விடிந்தபின் வந்து படுத்தார். லலிதா வழக்கம்போல வாசலில் வந்த கீரைக்காரியை ஒரு சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். அடுக்களையிலிருந்து ஓடிவந்த மாமியார் திட்டவில்லை, அடிக்கவில்லை, உதட்டில் விரலை மட்டும் வைத்தாள். தூக்கம் கெட்ட டிரைவர் சிக்னலைக் கோட்டை விடுவான். அதற்குப்பின் என்ன ஆகும் என்று ரயில்வே வீட்டில் பிறந்தவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

லலிதா கொலுசைக் கழற்றினாள். குக்கரை மூட்டை கட்டிப் போட்டுவிட்டுப் பானையில் சோறு வடித்தாள். காலிங் பெல்லின் ஒயரைப் பிடுங்கினாள். மகள் பிறந்தபின் அது வாயசைத்தே பாடம் படிக்கப் பழகியது. பால்காரன்கூட அந்த வாசலுக்கு வந்தால் பூனை மாதிரி நடந்தான். இதில் பெரிய கொடுமை என்னவென்றால், பழக்கம் ஊறிப்போய், அவர் விழித்திருக்கும் நேரத்திலும் அவளுக்குக் குசுகுசுப்புதான் வந்தது. குமரவேல் நல்ல மனுஷன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் காஜிபேட்டை, பல்லார்ஷா என்று அவர் ஓடின ஓட்டத்தில், லலிதா புருஷனோடு குடும்பம் நடத்தினாள் என்பதைவிட அவர் தூக்கத்தோடு குடும்பம் நடத்தினாள் என்றால் சரியாக இருக்கும்.

அவளுக்கு ஏக்கமெல்லாம் பேச்சுதான். நாலு பேர் நடுவில் உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்து, ஒருத்தி பேச்சை இன்னொருத்தி வெட்டி, கத்திப் பேச வேண்டும். அடுத்த குவார்ட்டர்ஸில் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டால் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு நிற்பாள். போய்ச் சேர்ந்துகொள்ளலாமே என்றால், போன் வந்து டூட்டிக்குக் கூப்பிட்டால் அவரை எழுப்ப ஆள் வேண்டாமா?

மகளைக் கட்டிக்கொடுத்து, ரிட்டயர்மெண்ட் நெருங்கியபோது வீட்டுக் கவலை வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அப்போதுதான் நாகம்மா அந்த யோசனையைச் சொன்னாள். நாகம்மாவும் அவள் புருஷன் பாபுவும் மல்காஜ்கிரியில் இட்லி மாவு அரைத்து விற்கிறவர்கள். அவர்களிடம் மாவு வாங்கப்போன இடத்தில் பழகிய கூட்டம் ஒன்று உண்டு. பாலாநகர் தொழிற்சாலையில் லேத் ஓட்டும் தேவசகாயம் குடும்பம், கோயம்புத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த கிருஷ்ணகுமார், சௌம்யா தம்பதி, அப்புறம் லலிதா. தனித்தனியாகப் போனால் நம்மால் ஆகாது, நாலு குடும்பமும் ஒரே மனையில் ஒரே வீடாகக் கட்டிக்கொள்வோம் என்றாள் நாகம்மா. ஆளுக்கொரு பகுதி, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய கூடமும் சமையலறையும்.

வரைபடம் போட மாரெட்பள்ளியிலிருந்து சுனில் என்ற ஆர்க்கிடெக்ட் வந்தார். தெலுங்குக்காரர், நிதானமான பேர்வழி. எத்தனை பெட்ரூம் என்று அவர் கேட்கவே இல்லை. உங்கள் வீட்டில் எப்போது சத்தம், எப்போது அமைதி வேண்டும் என்றுதான் ஒவ்வொருவரையும் கேட்டார். விடியுமுன் கூடத்தில் கிரைண்டர் ஓடும் என்றாள் நாகம்மா. ஷிஃப்ட் மாறி மாறி வரும், ஸ்கூட்டர் சத்தம் இருக்கும் என்றார் தேவசகாயம். சாயங்காலம் தொடங்கி விடியும்வரை அமெரிக்காக்காரர்களோடு போனில் பேச்சு இருக்கும் என்றாள் சௌம்யா. குமரவேல் அன்று டூட்டியில் இருந்தார். அவருக்காக லலிதா சொன்னாள், பகலில் தூங்குவார் என்று.

"மேடம், மீரு ஏம் சேஸ்தாரு?" என்று சுனில் அவளைத் தனியாகக் கேட்டார். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று அதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை.

"அவரைத் தூங்க வைப்பேன்" என்றாள் லலிதா. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், சத்தமில்லாமல்.

முதல் படத்தை விரித்தபோதே அவள் விரல் முன்பக்கத்துப் பகுதியில் போய் நின்றது. அதன் சமையலறை ஜன்னல் பொதுக் கூடத்தைப் பார்த்துத் திறந்தது. அங்கே நின்றபடி நாகம்மாவோடு வம்பளக்கலாம், கேட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டு நிறுத்தலாம். அந்த நேரம் பார்த்து நாகம்மா, பாசத்தோடுதான் சொன்னாள், முன்னாடி எடுத்தா அண்ணனுக்குத் தூக்கம் கெட்டுப்போகும்க்கா என்று. லலிதாவின் விரல் தானாக நகர்ந்தது.

"ஹவ், ஆமா. எங்களுக்கு முன்னாடி நக்கோ, வேண்டாம். பின்பக்கம் போதும்" என்றாள்.

அவ்வளவுதான். கடைக்கோடிப் பகுதி, காம்பவுண்டை ஒட்டி, இரட்டைச் சுவர் வைத்து, ஜன்னலைச் சிறிதாக்கி, டிரைவர் சாருக்கு ஒரு பிரமாதமான தூக்க அறை படத்தில் தயாரானது. முன்பக்கம் சௌம்யாவுக்குப் போனது. கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து அமெரிக்காவோடு எப்படிப் பேசுவது என்று அவள் முனகினாள். ஆனாலும் டிரைவர் தூக்கத்துக்கு முன்னால் யார் வாயைத் திறப்பது?

மனையில் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று லலிதா தனியாகப் போனாள். சௌம்யாவின் சமையலறைக்கென்று கீறிய கட்டத்துக்குள், வெறும் மண்ணில், நின்றாள். ஜன்னல் வரப்போகும் பக்கம் திரும்பி, யாருமே இல்லாத கூடத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பிறகு கோடுகளைத் தாண்டித் தாண்டித் தன் பகுதிக்குப் போனாள். அங்கிருந்து பார்த்தால் காம்பவுண்டு மட்டும் தெரிந்தது. இந்த ஜன்மத்தில் இவ்வளவுதான் என்று அவளுக்கு அழுகை வந்தது. வந்ததைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மற்றவர்களுக்கெல்லாம் வேலை இருந்ததால் கட்டட வேலையைப் பார்த்துக்கொள்வது லலிதாவின் பொறுப்பானது. அங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. கம்பி வெட்டுகிற சத்தத்திலும் மெஷின் சத்தத்திலும் குசுகுசுத்தால் யாருக்குக் கேட்கும்? முதல் வாரம் தொண்டை வலித்தது. அப்புறம் எங்கேயோ கிடந்த குரல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் அதை மனையிலேயே விட்டுவிட்டு வருவாள்.

தளம் போட்ட அன்று கான்கிரீட் மிக்ஸர் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. மேலே வரிசையாக ஆட்கள். கீழே டீ வந்துவிட்டது. லலிதா இடுப்பில் கையை வைத்து, முகத்தை நிமிர்த்தி, மேஸ்திரி பிரசாத்தைக் கூப்பிட்டாள்.

"பிரசாத்! டீ வச்சேசிந்தி! அந்தரினி பிலு!"

டீ வந்தாச்சு, எல்லோரையும் கூப்பிடு என்று மிக்ஸரைத் தாண்டிக்கொண்டு போனது குரல். மேலே இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். கேட்டில் நின்ற ஒருவரும் திரும்பினார். டூட்டி முடிந்து, தளம் போடுவதைப் பார்க்க நேராக வந்திருந்த குமரவேல். கையில் பை, முகத்தில் ராத்திரிக் கண்விழிப்பு. தன் பக்கம் முதுகைக் காட்டி நின்றவளைச் சுட்டி, பக்கத்தில் நின்ற நாகம்மாவிடம், யார் அந்த அம்மா என்று கேட்டார். நாகம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

அன்று அவர் தூங்கவில்லை. குவார்ட்டர்ஸுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, நுனிக்காலில் நடமாடிக்கொண்டிருந்த மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பேர் முன்னால் கத்தியதற்குக் கோபம்போல என்று லலிதா நினைத்தாள்.

"படுக்கலையாங்க?" என்றாள் மெதுவாக.

"அது உன் குரலா லலிதா?"

அவள் தலையாட்டினாள்.

"உனக்குக் குரலே மெல்லிசுன்னு நினைச்சிருந்தேன் இத்தனை நாளா."

அவரே தொடர்ந்து, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் அந்தப் பின்பக்கத்து அறை யாருக்கு என்று கேட்டார். உங்களுக்குத்தான், பகலில் தூங்க வேண்டாமா என்றாள் லலிதா.

"ரிட்டயர் ஆனப்புறம் எந்த வண்டிய ஓட்டிட்டு வந்து நான் பகல்ல தூங்கப்போறேன்?"

லலிதா அவரையே பார்த்தாள். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா! அவர் ரிட்டயர் ஆகிறார் என்பதற்காகத்தான் வீடே. நாலு குடும்பம், படித்த ஆர்க்கிடெக்ட், மாதக்கணக்கில் பேச்சு, ஒருவர் மண்டையிலும் இது உறைக்கவில்லை. டிரைவர் பகலில் தூங்குவார் என்பது அவர்களுக்கெல்லாம் கிழக்கே சூரியன் உதிக்கும் என்பது மாதிரி. மற்றவர்களை விடுங்கள், அந்தத் தூக்கத்தைக் காவல் காத்தவளுக்கே அது முடியும் என்று தோன்றவில்லையே.

"உனக்கு எந்த இடம் வேணும்?" என்று கேட்டார் குமரவேல்.

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "முன்னாடி. கூடத்தைப் பாத்த ஜன்னல்" என்றாள். சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டாள்.

தூணும் தளமும்தான் ஆகியிருந்தன, சுவர்கள் இன்னும் எழும்பாததால் மாற்றுவதில் சிரமம் இல்லை. சௌம்யாவிடம் குமரவேலே போய்க் கேட்டார். இரட்டைச் சுவர் அறை எனக்கா அங்கிள் என்று அவள் துள்ளாத குறை.

இப்போது அவர்கள் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். முதல் நாள் காலையில் குமரவேல் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கூடத்தில் நாகம்மாவின் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. லலிதா ஜன்னலில் நின்று, காப்பி ஆறுது வாங்க என்றாள். பழைய குசுகுசுப்புதான் வந்தது. அவர் அசையவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். அவர் காதில் விழுந்தது பார்த்தாலே தெரிந்தது, ஆனாலும் மனுஷன் அசையவில்லை. எரிச்சல் வந்துவிட்டது அவளுக்கு.

"ஏங்க! காப்பி வேணுமா வேண்டாமா?"

பின்பக்கத்திலிருந்து சௌம்யா எட்டிப்பார்த்தாள். நாகம்மா கிரைண்டரை நிறுத்தினாள். குமரவேல் எழுந்து வந்து, ஜன்னல் வழியாக டம்ளரை வாங்கிக்கொண்டு, உடனே குடிக்காமல் நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இந்தக் குரலோட இத்தன வருஷம் இருந்திருக்கலாமே லலிதா."

"நீங்கதான் தூங்கிட்டீங்களே" என்றாள் லலிதா, வீடு முழுக்கக் கேட்கும்படி.