இடது கைக்கு ஒரு மடக்குக் கத்தி

ஒரு கை இல்லாதவனுக்குக் கத்தி எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கையும் உள்ளவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். அவர்களால் ஒரு முடிச்சை அவிழ்க்க முடியும். உரப்பையின் தையல் நூலை இழுத்துப் பிரிக்க முடியும். பிஸ்கற் பக்கற்றை இரண்டு பக்கமும் பிடித்துக் கிழிக்க முடியும். எனக்கு இருந்தது பல். பயிற்றங்கொடி படர்வதற்குக் கட்டும் நைலோன் கயிற்றைக் கடித்துக் கடித்து முன்பல் ஒன்று பாதியாகிவிட்டது.

வலது கை முழங்கைக்குக் கீழே யுத்தத்தின் கடைசி மாதங்களில் போனது. தண்ணீர் எடுக்கப் பிளாஸ்டிக் கானோடு போன இடத்தில் ஷெல் விழுந்தது. அவ்வளவுதான் கதை. இதைச் சொல்லக் காரணம், என் கையைப் பார்க்கிறவர்கள் என்னிடம் ஒன்றும் கேட்காமல் என் வரலாற்றைத் தாங்களே எழுதிவிடுகிறார்கள். அதற்கு முன் நான் வாழைக்குலை வாங்கி விற்றுக்கொண்டிருந்தேன். குலை வெட்டும் கத்தியைத் தவிர வேறு ஆயுதம் தூக்கியதில்லை.

பிறகு உதவி செய்ய நிறையப் பேர் வந்தார்கள். ஒரு நிறுவனம் பிளாஸ்டிக் கை தந்தது. அது வெயிலில் வேர்த்துப் புண்ணாக்கியதால் சுவரில் ஆணியில் தொங்குகிறது. இன்னொரு நிறுவனம் வாழ்வாதாரம் என்று சொல்லி ஒரு தள்ளுவண்டில் தந்தது. இரண்டு கைபிடி உள்ள வண்டில். அதைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொல்லிப் படமும் எடுத்தார்கள். வண்டில் ஒரு பக்கம் சரிந்தபடியால் மற்றக் கைபிடியை அவர்களில் ஒருவர் படத்துக்கு வெளியே நின்று பிடித்துக்கொண்டார். அந்தப் படம் எந்த நாட்டில் எந்த அறிக்கையில் இருக்கிறதோ தெரியாது.

ஸ்கந்தபுரத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் காணி. பயிற்றை, வாழை, மாரியில் கொஞ்சம் கச்சான் கடலை. மனைவி ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். விடிய ஐந்து மணிக்குச் சந்தியில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவாள். ஆகவே எட்டு வயதிலிருந்து மகள்தான் எனக்கு எல்லாவற்றையும் வெட்டித் தந்தாள். பள்ளிக்கூடம் போகுமுன் பந்தலுக்கான கயிற்றை அளவாக வெட்டி வேலிக்கட்டையில் தொங்கவிடுவாள். உரப்பையைத் திறந்து வைப்பாள். பழத்தைச் சீவி மூடி வைப்பாள். பக்கத்துக் காணிக்காரர் பகிடியாகக் கேட்பார், "என்ன, உங்கட வலக்கை பள்ளிக்கூடம் போயிட்டுதோ?" நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

போன சித்திரையில் மகளுக்குக் கடிதம் வந்தது. அவளுக்கு இருபத்தொரு வயது. வவுனியாவில் தங்கிப் படிக்கிற ஆசிரியர் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். அவள் மட்டும் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டு அதைப் பற்றிக் கதைக்காமல் இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் குசினிக்குள் தாயும் மகளும் கதைத்தது வெளியே காலில் சேறு கழுவிக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது.

"வாற வெள்ளிக்குள்ள போய்ப் பதியவேணும். என்ன செய்யப்போறாய்?"

"பாப்பம் அம்மா."

"என்னத்தைப் பாக்கிறது? படிச்சு முடிச்சா வேலை நிச்சயம்."

"நீங்கள் விடியப் போனா இருட்டித்தானே வாறீங்கள். அப்பாவுக்கு ஆர் வெட்டிக் குடுக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் மேல் இல்லை. யார் மேல் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். என்னால் சைக்கிள் ஓட முடியும், மண்வெட்டி பிடிக்க முடியும், சோறு காய்ச்ச முடியும். ஒரு துண்டுக் கயிற்றை அறுக்க முடியாததால் ஒரு பிள்ளை படிக்கப் போகாமல் நிற்கப் போகிறாள். அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறதா?

வீட்டுக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு திரியலாமே என்று தோன்றும். ஒருமுறை செய்து பார்த்தேன். சைக்கிள் மிதிக்கும்போது தொடையைக் கீறியது. அதோடு, இடுப்பில் கத்தியும் ஒற்றைக் கையுமாக ஒருவன் இந்த வீதியில் போனால் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மடித்துச் சட்டைப் பையில் போடுகிற கத்திதான் சரி. ஆனால் அதை நான் ஒரு கையால், அதுவும் இடது கையால், திறக்க வேண்டும். அடுத்த நாள் காலை கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினேன்.

முதற்கடை ஏ-ஒன்பது வீதியில் பெரிய இரும்புக்கடை. கண்ணாடிக்குக் கீழே ஏழெட்டு மடக்குக் கத்திகள் இருந்தன. கடைக்காரர் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் திறந்து, பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார்.

"நல்ல கூர் அண்ணை. துருப்பிடிக்காது."

"மூடித் தாங்கோ."

"ஏன், பிடிக்கேல்லையோ?"

"நான் திறந்து பாக்கவேணும்."

மூடித் தந்தார். அலகின் முதுகில் நகத்தை வைத்து இழுப்பதற்கு ஒரு வெட்டு இருந்தது. பிடியை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துப் பெருவிரல் நகத்தால் இழுத்தேன். நகம் மடங்கியதே தவிர அலகு அசையவில்லை. இரண்டாம் முறை கத்தியே வழுக்கி நிலத்தில் விழுந்து உருண்டது. சாமான் வாங்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பார்க்காதது போல நின்றார்கள், அது இன்னும் மோசம். கடைக்காரர் ஓடிவந்து கத்தியைப் பொறுக்கிக்கொண்டு மிகவும் அன்பாகச் சொன்னார்:

"அண்ணை, வீட்டில ஆரும் திறந்து தருவினம்தானே?"

திறந்து தர ஆள் இருக்கிறபடியால்தான் ஐயா நான் வந்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் சண்டை பிடிக்கவும் வழியில்லை. கடையை விட்டு வெளியேறினேன்.

இரண்டாவது கடையில் மீன்வலை, தூண்டில், ரோச் லைற் எல்லாம் விற்றார்கள். அங்கே பொத்தானை அமுக்கியதும் அலகு பாய்ந்து வெளியே வருகிற கத்தி ஒன்று இருந்தது. ஒரே அமுக்கு. ஒற்றைக் கைக்காரனுக்கென்றே செய்தது போல இருந்தது. எடுத்து இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தேன். வயதான கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார், சட்டைக் கையின் முடிச்சைப் பார்த்தார், கத்தியை மெதுவாக வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

"இது வேண்டாம் தம்பி. உங்கட கோலத்தோட இது பையில இருந்து பிடிபட்டா என்னெண்டு சொல்லுவீங்கள்?"

"கயிறு வெட்ட எண்டு சொல்லுவன்."

அவர் குரலைத் தாழ்த்தி, சரணடைந்த போராளிகளிடம் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "புனர்வாழ்வு எல்லாம் முடிச்சிட்டுத்தானே வந்தனீங்கள்?"

"நான் தண்ணி அள்ளப் போன ஆள் ஐயா."

"சரி சரி, நான் ஒண்டும் கேக்கேல்லை," என்றார். அவர் என்னை நம்பவில்லை. கத்தியைப் பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி என்பதுதான் எனக்குக் கூடுதலாக எரிந்தது.

மத்தியானமாகிவிட்டது. வெறுங்கையோடு திரும்புவோம் என்று சந்தைப் பக்கமாக நடந்தேன். சந்தை மதிலோரம் படங்கு விரித்துப் பூட்டு, சாவி, கத்தரிக்கோல், குறடு விற்கிற முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருந்தார். முல்லைத்தீவுக்காரர். இளம் வயதில் ஊரைவிட்டுப் போகவேண்டி வந்து, புத்தளத்தில் காலம் கழித்துத் திரும்பியவர் என்று பிறகு கதையோடு கதையாகச் சொன்னார். நான் குனிந்து கத்திகளைப் பார்த்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்தக் கைக்கு?"

"இடதுக்கு நானா." முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

மூன்றை எடுத்து மூடியபடியே என் முன்னால் வைத்தார். மலிவானதைத் திறந்தால் அலகு ஆடியது. "இது பழம் வெட்டத்தான் சரி, ஒரு மாசத்தில கையை வெட்டும்," என்றார். விலை கூடியது பாரம். சட்டைப் பையை இழுத்துக்கொண்டு தொங்கும். நடுவில் இருந்தது விரல் நீள அலகு, கறுப்புப் பிடி. அலகின் அடியில் பெருவிரலால் தள்ளுவதற்கு ஒரு சின்னக் குமிழ். ஆனால் குமிழ் வலது கைக்காரனின் பெருவிரல் படுகிற பக்கத்தில் இருந்தது.

"இது எனக்குச் சரிவராது," என்றேன்.

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி."

மூக்குக்கண்ணாடி திருத்துகிற மாதிரி ஒரு சின்னத் திருப்புளியை எடுத்தார். குமிழைக் கழற்றினார், மற்றப் பக்கத்தால் செருகி இறுக்கினார். ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. "இப்ப தள்ளுங்கோ." தள்ளினேன். அலகு சுழன்று வெளியே வந்து டக்கென்று நின்றது. மூடுவதற்குப் பிடிக்குள் இருக்கிற தகட்டைச் சுட்டுவிரலால் ஒதுக்கி, அலகின் முதுகைத் தொடையில் வைத்து அழுத்தச் சொன்னார். மூன்றாம் தரம் சரியாக வந்தது. "இரும்பு அவ்வளவு திறமில்லை. கிழமைக்கொருக்காத் தீட்டவேணும். தீட்டுக்கல்லைக் காலால மிதிச்சுக்கொண்டு தீட்டுங்கோ," என்றார். விலை ஒரு கிலோ மீன் விலைதான்.

எனக்கு அழுகை வரப் பார்த்தது. அதை மறைக்கத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "இது இப்பத்தான் வந்த சாமானோ நானா?"

"இல்லைத் தம்பி. இந்த மதிலடியில நான் கடை போட்டுப் பத்து வருஷம். அந்த நாளில இருந்தே இந்தக் கத்தி இருக்கு. உங்களைப் போல எத்தினை பேருக்கு மாத்திக் குடுத்திட்டன். நீங்கள் இந்தப் பக்கம் வாறேல்லையோ?"

கிழமைக்கு இரண்டு தரம் வருகிறேன். பயிற்றங்காய்க் கட்டுகளை இறக்குகிற இடம் அங்கிருந்து இருபது அடிகூட இராது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அக்கராயன் தாண்டும்வரை பையில் கையை வைத்துக் கத்தியைத் தடவிக்கொண்டு வந்தேன். பிறகு அந்தப் பத்து வருடம் மெல்ல மெல்ல ஏறி என் நெஞ்சில் உட்கார்ந்தது. ஐந்து வருடத்துக்கு முன் மகளுக்குப் பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனைப் பெறுபேறு வந்தபோது அவளுடைய விஞ்ஞான ஆசிரியர் வீடு தேடி வந்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விடுதியோடு இடம் எடுத்துத் தரலாம், உயிரியல் படிக்க விடுங்கோ என்றார். "எனக்கு ஆர்ட்ஸ்தான் விருப்பம் சேர்," என்றாள் மகள். ஆர்ட்ஸ் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தது. என் மொட்டைக் கையை மடியில் வைத்து, எந்த நரம்பு எங்கே அறுந்திருக்கும் என்று பேனாவால் கோடு போட்டுக் காட்டிய பிள்ளை அவள். நான் பெரிய மனதோடு சொன்னேன், "அவளின்ர விருப்பப்படி படிக்கட்டும் சேர்." அவர் தேத்தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அவளுக்கு ஆர்ட்ஸ் விருப்பமில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாதது போல இருந்தது எனக்கு வசதியாக இருந்தது. நிறுவனங்களைத் திட்டினேன், வண்டிலைத் திட்டினேன், அனுதாபப்படுகிறவர்களைத் திட்டினேன். ஒரு நாள், ஒரேயொரு நாள்கூட, எனக்கென்று ஒரு கத்தி தேடிக் கடைக்குப் போகவில்லை. வெட்டித் தர மகள் இருந்தாள், நான் தேடவில்லை. இதைவிட அழகாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினேன். பையிலிருந்து கத்தியை எடுத்துப் பெருவிரலால் தள்ளித் திறந்தேன். நைலோன் கயிற்றைக் காலால் மிதித்துப் பிடித்து நாலு துண்டு வெட்டினேன். மாம்பழத்தைப் பலகையில் வைத்து, கன்னம் இரண்டையும் அறுத்து, கோடு கீறி அவளிடம் நீட்டினேன். என் கையால் வெட்டி அவளுக்கு நான் கொடுத்த முதல் மாம்பழம். கத்தியைத் தொடையில் வைத்து மூடினேன். அவள் கைதட்டினாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

"அப்ப நீ போய்ப் பதி," என்றேன்.

"போறன் அப்பா."

கத்தியை எடுத்துத் தானும் இடது கையால் திறந்து பார்த்தாள். இரண்டு தரம் தவறி மூன்றாம் தரம் திறந்தது. குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல கெட்டித்தனமான சாமான். இப்பத்தான் வந்திருக்கோ அப்பா?"

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஓம் பிள்ளை. இப்பத்தான் வந்ததாம்."

"அதுதானே," என்றாள் அவள், மாம்பழத்தைச் சுவைத்தபடி. "முந்தியே இருந்திருந்தா நீங்கள் எனக்காக எப்பவோ வாங்கியிருப்பீங்கள்."